மெத்தென்ற வீடு

சோபாக்காரருக்கு இரக்கமே கிடையாது. வீட்டில் உண்டு, தொழிலில் கிடையாது. பழைய சோபாவுக்குப் புதுத் துணி போட வேண்டும் என்று யாராவது கூப்பிட்டால், அளவு நாடாவை எடுப்பதற்கு முன் பையிலிருந்து ஒரு கருப்புத் துணியை எடுப்பார். அதைக் கூடத்தின் நடுவில் சுருக்கமில்லாமல் விரிப்பார். "வீட்ல இருக்கிற எல்லாரையும் கொஞ்சம் வரச் சொல்லுங்க" என்பார். அடுப்படியில் இருப்பவர், பாடம் படிக்கிற பிள்ளை, தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் எல்லாரும் என்னவோ ஏதோ என்று வந்து நிற்பார்கள். சோபாவின் ஒரு குஷனைத் தூக்கித் துணிக்கு மேலே பிடித்து, மரக்கட்டையால் ஓங்கி இரண்டு சாத்து சாத்துவார். கருப்புத் துணி அந்த நிமிடமே சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும்.

"இது மேலதான் இத்தனை நாளா உட்கார்ந்து டீ குடிச்சிருக்கீங்க" என்பார். குரலில் கோபம் இருக்காது, வருத்தம்தான் இருக்கும். அதுதான் இன்னும் உறுத்தும்.

அதற்கப்புறம் கையை உள்ளே விட்டால் சீப்பு வரும், பேனா மூடி வரும், யாரோ கடித்து மிச்சம் வைத்த பிஸ்கட் வரும். ஒரு வீட்டில் மாமனாரின் பல்செட் வந்தது. மருமகள்தான் வேண்டுமென்றே தூக்கி எறிந்துவிட்டாள் என்று அந்த மாமனார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அன்றைக்கு அந்த மருமகள் சோபாக்காரருக்குக் கொடுத்த டீயில் சர்க்கரை கரைய இடமில்லை. மொத்தத்தில், கருப்புத் துணியைப் பார்த்த பிறகு எவரும் "மேல் துணிய மட்டும் மாத்துங்க போதும்" என்று வாய் திறந்ததில்லை. இது வியாபாரத் தந்திரம் என்று யாராவது சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இது சேவை என்பார்.

அந்தச் சேவையைப் பெற்றவர்களில் ஒருவர் பக்கத்து வீட்டு வக்கீல். கோர்ட்டில் எதிராளியை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேள்வி கேட்கிற மனிதர், கருப்புத் துணிக்கு முன்னால் வாயடைத்து நின்றார். வக்கீலின் மனைவி அதன் பிறகு வெகுநாள் வரை சோபாக்காரர் வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. அதில் சோபாக்காரருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்தான்.

அவர் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தத் தெருவிலேயே அவ்வளவு மெத்தென்ற வீடு வேறு கிடையாது. கடையில் மிஞ்சுகிற ஸ்பாஞ்சும் துணியும் வீணாகலாமா? கட்டிலின் தலைமாட்டில் பட்டன் வைத்துத் தைத்த வெல்வெட் திண்டு. கூடத்தில் யானை படுத்தாலும் தாங்குகிற சோபா. முக்காலிக்கு மெத்தை, ஷூ போட உட்காருகிற பெட்டிக்கு மெத்தை, கதவுக்குக்கூட மெத்தை. தரையில் பத்துப் பதினைந்து வீட்டு மிச்சத்தை ஒட்டுப்போட்ட கார்ப்பெட். ஜன்னலில் தரையைத் தொடுகிற திரைச்சீலை. அந்த வீட்டில் தடுக்கி விழுந்தவர்கள் யாருக்கும் அடிபட்டதில்லை, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மனைவி பஸ் கண்டக்டர். நெரிசலில் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல். அந்தக் குரலை வீட்டுக்கு வந்ததும் கழற்றி வைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. மனைவியின் தம்பி பஞ்சு, கடையில் கூட்டாளி. உண்மைப் பெயரை அவனே மறந்திருப்பான். தைத்து முடித்த ஒவ்வொரு சோபாவிலும் மதியம் முழுக்கப் படுத்துத் தூங்குவான். கேட்டால் தரம் பார்க்கிறேன் என்பான்.

இவர்களுக்கு நடுவில் ஒரே ஒரு பெண் குழந்தை, குருவி. இரண்டாம் வகுப்பு. பிறந்தபோது எடை குறைவாக இருந்ததால் வந்த பெயர். சாயங்காலம் அப்பா கடையிலிருந்து வந்து கதவைத் திறக்கிற சத்தம் கேட்டால் போதும், எங்கிருந்தாலும் ஓடிவந்து அவர் மேல் தாவுவாள். தாவி, கழுத்தைக் கட்டிக்கொண்டு, முகத்தை அவர் தோளில் புதைத்துக்கொள்வாள். அந்த நிமிடத்துக்காகத்தான் சோபாக்காரர் நாள் முழுக்க ஆணி அடித்தார் என்று சொன்னால் மிகையில்லை.

அந்தக் குருவிக்குத்தான் இருமல் வந்தது. முதலில் சும்மா ஜலதோஷம் என்றார்கள். ஜலதோஷம் போயிற்று, இருமல் போகவில்லை. பிறகு மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். படுத்தால் இருமல், எழுந்தால் இருமல். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்துவிட்டது.

டாக்டர் இளம் பெண். குழந்தையின் நெஞ்சில் குழாயை வைத்து நிதானமாகக் கேட்டாள். ஆஸ்துமா என்றாள். பயப்பட வேண்டாம், மருந்தை ஒழுங்காக எடுத்தால் மற்றக் குழந்தைகளைப் போல ஓடலாம் என்றாள். ஒரு இன்ஹேலரும், அதை மாட்டுகிற பிளாஸ்டிக் குழலும் கொடுத்து, எப்படி இழுக்க வேண்டும் என்று குருவிக்குச் செய்து காட்டினாள். அதுவரை எல்லாம் சரியாகத்தான் போயிற்று.

"வீட்ல குழந்தை படுக்கிற ரூம்ல என்னென்ன இருக்கு?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்த மனிதர் அவர். வெல்வெட் திண்டிலிருந்து ஆரம்பித்தார். கார்ப்பெட்டுக்கு வந்தபோது டாக்டரின் புருவம் ஏறியது. கதவு மெத்தையைச் சொன்னபோது எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"கதவுக்கா?"

"ஆமா டாக்டர். சாத்தினா சத்தமே வராது."

"இதெல்லாம்தான் சார் பிரச்சனை. வீட்டுத் தூசில கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கும். மெத்துமெத்துனு இருக்கிற இடத்துலதான் அது குடியிருக்கும். சில குழந்தைங்களுக்கு அது ஒத்துக்காது. உங்க வீட்ல தூசி அதிகம்."

"எங்க வீட்லயா? டாக்டர், நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியலையே."

"சோபாக்காரன்."

"சரிங்க" என்றாள் டாக்டர். கார்ப்பெட், திரைச்சீலை, திண்டு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், படுக்கை விரிப்பைச் சுடுதண்ணீரில் துவையுங்கள், விளக்குமாறால் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள் என்று சொல்லி அனுப்பினாள்.

வழியெல்லாம் சோபாக்காரர் பொருமிக்கொண்டே வந்தார். "ஊர் தூசியை எல்லாம் நான் தட்டி எடுக்கறேன். என் வீட்ல தூசியாம்! நேரா வந்து பார்த்தாங்களா? உட்கார்ந்த இடத்துலேருந்து சொல்லிட்டா ஆச்சா?"

"அவங்க சொன்னதைச் செய்யலாமேங்க" என்றாள் மனைவி.

"செய்யறேன். என் முறையில செய்யறேன்."

அவர் முறை என்பது மரக்கட்டை முறை. வீட்டில் தூசி இருக்கிறது என்பதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஒருவேளை, ஒரு பேச்சுக்கு, இருந்தால் அதை அடித்து விரட்டுவது அவருக்குக் கைவந்த கலைதானே? மறுநாள் மதியம் மனைவி வேலைக்கும் குருவி பள்ளிக்கும் போன பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார். கட்டையை ஓங்கும்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. ஜன்னல் திறந்திருந்தது. ஜன்னலுக்கு எதிரே வக்கீல் வீட்டு மாடி. மாடியில் வக்கீல் ஈஸிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

சோபாக்காரர் வீட்டு ஜன்னலிலிருந்து தூசி பறப்பதை வக்கீல் பார்த்தால் என்ன ஆகும்? ஊரில் தலைகாட்ட முடியுமா? சத்தமில்லாமல் எல்லா ஜன்னலையும் சாத்தினார். கதவையும் சாத்தினார். மெத்தை போட்ட கதவு, இடுக்கு விடாமல் மூடிக்கொண்டது. பிறகு தலைமாட்டுத் திண்டை அடித்தார், மெத்தையை அடித்தார், திரைச்சீலையை உதறினார், கார்ப்பெட்டை விளக்குமாறால் வறட்டு வறட்டென்று தேய்த்தார். அடிக்கிற கட்டைச் சத்தம் கேட்டு வக்கீல் இரண்டு தரம் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார். சோபாக்காரர் வியர்க்க விறுவிறுக்க வெளியே வந்தபோது, தலைமுடி, புருவம், மீசை எல்லாம் ஒரே நிறமாக இருந்தது. உள்ளே தட்டிய தூசி வெளியே போக வழியில்லாமல் அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்ததை அவர் யோசிக்கவில்லை. மற்றவர்கள் வீட்டில் அவர் அடிப்பதோடு சரி, அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் மூச்சு விட்டார்களா என்று நின்று பார்த்ததில்லை.

குருவி பள்ளியிலிருந்து வந்ததும் பெருமையாகக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். "பாரு, அப்பா உன் ரூமை எப்படி ஆக்கி வெச்சிருக்கேன்னு. கொஞ்ச நேரம் படு."

படுத்தாள். வெயில் இறங்குவதற்குள் அவளால் ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை. "அப்பா" என்றாள், மூச்சு வாங்கினாள், "தண்ணி" என்றாள். கழுத்தெலும்புக்கு மேலே இருக்கிற குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போயிற்று. இன்ஹேலரைக் குழலில் மாட்டிக் கொடுத்தார், குழல் இரண்டு முறை கீழே விழுந்தது. பஞ்சு கடை வேனை எடுத்தான். படுத்தே காலம் கழிக்கிற அந்தப் பஞ்சு அன்றைக்கு ஓட்டிய வேகத்தை யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் முகமூடி மாதிரி ஒன்றை மாட்டி, மருந்தைப் புகையாக உள்ளே விட்டார்கள். சோபாக்காரர் அவள் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று அழுதார். மனைவி டிக்கெட் பையைக்கூடக் கழற்றாமல் காக்கி உடையோடு ஓடிவந்தாள். அவளைப் பார்த்ததும் அவருக்கு அழுகை இன்னும் கூடிற்று.

குருவியின் மூச்சு ஒரு வழியாகச் சீரானதும் டாக்டர் அவர் பக்கம் திரும்பினாள்.

"இன்னிக்கு வீட்ல என்ன நடந்துச்சு?"

"சுத்தம் பண்ணேன்."

"எப்படி?"

சொன்னார். டாக்டர் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"ஜன்னலை எல்லாம் திறந்து வெச்சுதானே பண்ணீங்க?"

சோபாக்காரர் தரையைப் பார்த்தார்.

"ஏங்க மூடினீங்க?"

"வக்கீல் பார்த்துடுவாருன்னு."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் மனைவிக்குப் புரிந்தது. அவள் முகம் போன போக்கைப் பார்த்து, இது இன்றோடு முடிகிற விஷயம் இல்லை என்று பஞ்சு மெதுவாக வராந்தாவுக்கு நழுவிவிட்டான்.

குருவி வீடு திரும்புகிற நாள் வந்தது. அன்று காலை மனைவி லீவு போட்டாள். குழந்தையை டாக்டர் அனுப்புவதற்கு இன்னும் நேரம் இருந்தது. பஞ்சுவை ஆஸ்பத்திரியில் குருவிக்குத் துணையாக உட்கார வைக்காமல், பஞ்சுவின் சிநேகிதியான நர்ஸிடம் சொல்லிவிட்டு கணவரோடு அவனையும் வீட்டுக்கு இழுத்து வந்தாள். சாட்சி வேண்டுமே! வந்ததும் கணவரின் பையைத் திறந்து கருப்புத் துணியை எடுத்தாள். வீட்டுக்குள் விரிக்கவில்லை. வாசலுக்கு வெளியே, திறந்த வெளியில், தெருவுக்கே தெரிகிற மாதிரி விரித்தாள்.

"என்ன பண்ற?" என்றார் சோபாக்காரர். தெரிந்துதான் கேட்டார்.

அவள் தெருவைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "வக்கீல் சார்! அக்காவையும் கூட்டிட்டு வாங்க! எல்லாரும் முன்னாடி வாங்க, முன்னாடி வாங்க, நடுவுல நிக்காதீங்க!"

வக்கீல் வந்தார். வந்த வேகத்தில் சட்டையில் பாதிப் பட்டனைப் போடாமலே வந்திருந்தார். அவர் மனைவி அதைவிட வேகமாக வந்து முதல் வரிசையில் நின்றுகொண்டாள். பஞ்சு வெல்வெட் திண்டைக் கழற்றித் தூக்கி வந்து பிடித்தான். மனைவி முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, மரக்கட்டையை இரண்டு கையாலும் பிடித்து ஒரு சாத்து சாத்தினாள்.

நேற்று முன்தினம் அவர் அவ்வளவு அடி அடித்த பிறகும் தூசி வந்தது. துணி மறைந்துபோகிற அளவுக்கு வந்தது. காற்றில் பறந்து போனது போக மிச்சம் ஒரு மெல்லிய படுக்கை மாதிரி துணியில் கிடந்தது.

"அது தூசி இல்ல" என்றார் சோபாக்காரர், பலவீனமாக. "உள்ள இருக்கிற பஞ்சு உதிருது."

"என்னை ஏன் மாமா இதுல இழுக்கறீங்க?" என்றான் பஞ்சு.

வக்கீல் துணியைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து சோபாக்காரரைப் பார்த்தார். எத்தனை வருஷமாகக் காத்திருந்த சந்தர்ப்பம்! ஆனால் சோபாக்காரரின் முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டார். "குழந்தை இப்ப எப்படி இருக்கா?" என்று மட்டும் கேட்டார். அவர் மனைவி, சும்மா சொல்லக் கூடாது, வீட்டுக்குப் போய் ஒரு வாளியும் ஈரத் துணியும் கொண்டுவந்தாள்.

சோபாக்காரருக்கு மானம் போனது. போகட்டும் என்று இருந்தது. மகளின் கழுத்துக் குழியை நினைத்துக்கொண்டார். பேசாமல் உள்ளே போய்த் தன் கையால் தைத்ததை எல்லாம் தன் கையால் பிரிக்க ஆரம்பித்தார்.

திண்டு போயிற்று, திரைச்சீலை போயிற்று, கார்ப்பெட் சுருண்டு வாசலுக்குப் போயிற்று. கதவு மெத்தையைப் பிய்த்தபோது கதவே இளைத்துப்போன மாதிரி இருந்தது. யானை சோபாவை நாலு பேர் தூக்கிக் கடைக்குக் கொண்டுபோனார்கள். குழந்தையின் மெத்தைக்கும் தலையணைக்கும் நெருக்கமான நெசவுத் துணியில், ஜிப் வைத்து, ஊசி முனைகூட நுழையாத உறை ஒன்று தைத்தார். அவர் வாழ்நாளில் தைத்ததிலேயே அழகில்லாத உருப்படி அதுதான், அவரே சொன்னார். தினமும் ஈரத் துணியால் தரையைத் துடைக்கிற வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். கூடத்தில் இரண்டு மர பெஞ்சு மட்டும் மிஞ்சியது. பேசினால் எதிரொலித்தது. மனைவியின் குரலுக்கு அந்த எதிரொலி வேறு தேவையா?

"இது வீடா மாமா, ஸ்டேஷனா?" என்றான் பஞ்சு, பெஞ்சில் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பது என்று தெரியாமல். "ரயில் எப்ப வரும்னு கேட்டுட்டு இருக்கேன்."

ஆனால் குருவி தூங்கினாள். விடிய விடிய இருமாமல் தூங்கினாள். இன்ஹேலரைத் தவறாமல் இழுத்தாள், பள்ளிக்கூடத்தில் ஓடினாள், கருவளையம் கரைந்தது. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். சோபாக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டர் சொன்னதையெல்லாம் தானே கண்டுபிடித்த மாதிரி வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒரே ஒரு குறை. சாயங்காலமானால் மட்டும் லேசாக ஒரு விசில். பெரிதாக ஒன்றும் இல்லை, கொஞ்சம் இருமுவாள், அடங்கிவிடும். ஆனால் ஒருநாள் விட்டால் மறுநாள் வந்தது. மதியமெல்லாம் நன்றாக இருக்கிற குழந்தைக்கு விளக்குப் போடுகிற நேரத்துக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது? டாக்டர், இது இப்படியே போனால் மருந்தைக் கூட்ட வேண்டியிருக்கும் என்றாள். அதைக் கேட்டதும் சோபாக்காரர் துப்பறிய ஆரம்பித்தார்.

முதலில் மாட்டியது வக்கீல். சாயங்காலம் மாடியில் நின்று சிகரெட் பிடிக்கிறாரோ? போய்க் கேட்டார். "விட்டு எத்தனையோ நாளாச்சு சார்" என்று வக்கீல் சொன்னதை நம்பாமல் அவர் விரலை மோந்து பார்த்தார். அடுத்தது பஞ்சுவின் சென்ட் பாட்டில். பறிமுதல். சாயங்காலம் சிநேகிதியைப் பார்க்கப் போகிறவன் சென்ட் இல்லாமல் எப்படிப் போவான் என்று அவன் கேட்டதற்கு, குளித்துவிட்டுப் போ என்று பதில் வந்தது. இது பஞ்சுவுக்குப் புது யோசனையாக இருந்தது. ஆனாலும் விசில் நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் குழந்தைக்கு ஒன்றுமே இல்லை என்பதை அவர்தான் கவனித்தார். ஞாயிறு மனைவிக்கு ஓய்வு நாள். அவ்வளவுதான், வழக்கு முடிந்துவிட்டது.

"நீதான்" என்றார்.

"நானா?"

"ஊர்ல இருக்கிற ரோட்டுத் தூசி எல்லாம் பஸ்ல ஏறி, உன் காக்கிச் சட்டையில டிக்கெட் எடுக்காம வீட்டுக்கு வருது. அந்தச் சட்டையோட நீ அவளைக் கொஞ்சற."

கண்டக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் தலையில் ஒட்டியிருந்த ஸ்பாஞ்ச் துணுக்கும் காது மடலில் படிந்திருந்த சோபாத் தூசியும் அவள் கண்ணில் பட்டிருக்க வேண்டும். ஆனால் அவை தினமும் அங்கேயே இருப்பவை. கல்யாணத்தன்றைக்கும் இருந்தவை. அதனால் அவளுக்கும் எதுவும் தோன்றவில்லை. குழந்தைக்காகத்தானே என்று டிப்போவிலேயே குளித்து, வேறு புடவை மாற்றிக்கொண்டு வர ஆரம்பித்தாள். ஞாயிறு தனக்கும் கடை விடுமுறை என்பது நம் துப்பறியும் புலிக்கு நினைவுக்கு வரவே இல்லை.

விசில் நிற்கவில்லை.

ஒரு நாள் பழைய தியேட்டர் ஒன்றின் இருக்கைகளை எல்லாம் பிரிக்கிற வேலை. எத்தனையோ பேர் அழுது சிரித்துத் தேய்த்த இருக்கைகள். முகத்தில் மறைப்புக் கட்டிக்கொண்டு நாள் முழுக்கப் பிரித்தார். வீட்டுக்கு வரும்போது மறைப்பை மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். கதவைத் திறந்ததும் குருவி ஓடிவந்து தாவினாள். தூக்கிக்கொண்டு போய் பெஞ்சில் உட்கார்ந்து, அவளை மடியிலேயே வைத்துக்கொண்டு விசாரணையை ஆரம்பித்தார். மனைவி குளித்து, மாற்றுப் புடவையோடு, எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பஞ்சு சென்ட் இல்லாமல் சுவரில் சாய்ந்திருந்தான்.

"குருவிக்கண்ணு, அப்பா ஒண்ணு கேட்பேன். எதால உனக்கு இருமல் வருதுன்னு உனக்கே ஏதாவது தெரியுமா?"

குருவி உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"ஸ்கூல் பையா?"

இல்லை.

"அம்மாவா?"

மனைவி முறைத்தாள். இல்லை என்று தலை வேகமாக ஆடியது.

"மாமாவா? பயப்படாம சொல்லு. இவனா இருந்தா எனக்கும் சந்தோஷம்தான்."

அதற்கும் இல்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவ்வளவு பிடிவாதம் இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று சோபாக்காரர் மனைவியைப் பார்த்தார்.

"சரி, கேட்டுக்கோ. அது எதுவா இருந்தாலும், யாரா இருந்தாலும் சரி. அவ்வளவு பெரிய சோபாவையே தூக்கிப் போட்டவன் உங்கப்பன். அதையும் தூக்கிப் போட்டுடறேன். இனிமே உன் பக்கத்துலயே வரவிட மாட்டேன். சத்தியமா சொல்றேன், இது—"

குருவியின் சின்னக் கை பட்டென்று அவர் வாயைப் பொத்தியது.

"சத்தியம் பண்ணாதீங்கப்பா!" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. இருமிக்கொண்டே அழுதாள். "வேணாம்பா. சத்தியம் பண்ணிடாதீங்க."

சோபாக்காரருக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அவள் கன்னத்தைப் பார்த்தார். தன் தோளில் சாய்ந்திருந்த கன்னம் மட்டும் சாம்பல் பூத்திருந்தது. கண்ணீர் அதில் கோடு போட்டுக்கொண்டு இறங்கியது.

மெதுவாக அவளை மடியிலிருந்து இறக்கி, எட்ட உட்கார வைத்தார். மனைவி எழுந்து இன்ஹேலரை எடுத்து வந்தாள். குருவி இழுத்தாள். மூச்சு சீரானது.

"உனக்குத் தெரியுமா?" என்றார் அவர்.

குருவி ஆமாம் என்று தலையசைத்தாள்.

"ஏன்டா கண்ணு சொல்லல?"

"சொன்னா தூக்க மாட்டீங்கல்ல." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அதான் நீங்க தூக்கும்போது மூச்ச அடக்கிக்குவேன். கீழ இறக்கிவிடற வரைக்கும் அடக்கிக்குவேன். நிறைய நேரம் தூக்கினாதான்பா முடியல."

சோபாக்காரர் எழுந்துகொண்டார். தன் மகள் தன் தோளில் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்த சாயங்காலங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். மனைவி கையை நீட்டினாள், சட்டையைக் கழற்றிக் கொடுக்கச் சொல்லி. அவர் கொடுக்கவில்லை. தானே கழற்றிச் சுருட்டி எடுத்துக்கொண்டு, சுவரோரமாக, குழந்தையிடமிருந்து எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளி நடந்து குளியலறைக்குள் போய்ச் சட்டையை வாளித் தண்ணீரில் முக்கினார்.

தண்ணீர் விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. குருவி கதவுக்கு வெளியே வந்து நின்றாள்.

"முடிஞ்சுதாப்பா?"

"தலை தேய்க்கறேன்மா."

"இப்ப?"

"காது பாக்கி இருக்கு."

"மாமா, தண்ணி தீர்ந்துடப் போகுது" என்றான் பஞ்சு. அக்கா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

நாளையிலிருந்து கடையிலேயே குளித்து, கடையிலேயே வேறு சட்டை மாற்றிக்கொண்டு வருவது, வேலைச் சட்டை கடை வாசலைத் தாண்டக் கூடாது என்று அவர் தண்ணீருக்கு நடுவிலேயே சத்தமாக அறிவித்துக்கொண்டிருந்தார். வெளியே வந்தபோது தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. துவைத்த சட்டை ஒன்றை மனைவி நீட்டினாள். போட்டுக்கொண்டு, கையை விரித்தபடி அங்கேயே நின்றார். தானாகப் போய்த் தூக்க அவருக்குப் பயமாக இருந்தது.

குருவி யோசிக்கவில்லை. ஓடிவந்து தாவினாள். கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைத் தோளில் புதைத்தாள். சோபாக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். மூச்சு உள்ளே போயிற்று, வெளியே வந்தது. இன்னொரு முறை போயிற்று, வந்தது. வேறு ஒரு சத்தமும் இல்லை.

"அப்பா, இன்னிக்கு எங்க மிஸ் இருக்காங்கல்ல" என்று அவர் கழுத்துக்குள்ளேயே ஆரம்பித்தாள். மிஸ் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வகுப்பெல்லாம் தேடியது, பக்கத்துப் பெஞ்சுக்காரி பல் விழுந்தது, ஓட்டப் பந்தயத்தில் யார் யாரைத் தள்ளிவிட்டார்கள் என்று எல்லாம் வரிசையாக வந்தது. மனைவி துண்டை நீட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பாள்? பெஞ்சில் போட்டுவிட்டுப் போனாள். சோபாக்காரர் ஈரத் தலையோடு நடுக்கூடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கை வலித்தது, இறக்கிவிடவில்லை.